நூறுல போறப்ப காதுக்குள்ள ஒரு வண்டு

எங்க வீட்டுல எதையும் தட்டிப் பாக்காம வாங்க மாட்டாங்க. தேங்காய், மண்பானை, தர்பூசணி எல்லாம் ஊர் உலகமே தட்டித்தான் வாங்குது, அப்பா அதுக்கும் ஒரு படி மேல. சேலம் செவ்வாய்ப்பேட்டைல கொலுசுப் பட்டறை வெச்சிருந்தவரு, முப்பது வருஷத்துக்கு மேல வெள்ளியோடயே பொழங்கினவரு. யாராவது பழைய வெள்ளியக் கொண்டாந்து நீட்டினா, எத்தனை டச்சு, அதாவது எவ்வளவு சுத்தம்னு பாக்கறதுக்கு முன்னாடி கருங்கல் வாசப்படில ஒரு தடவ போட்டுப் பாப்பாரு. ணங்குனு எழும்பி சத்தம் இழுத்துக்கிட்டே போச்சுன்னா மூஞ்சில லேசா ஒரு திருப்தி தெரியும், டொக்குனு படுத்துக்கிச்சுன்னா ஒரு வார்த்தை பேசாம திருப்பிக் குடுத்துருவாரு. அந்த வீட்டுல பொறந்துட்டு நான் ஒரு காருக்கு சைலன்சர போன்ல வீடியோ பாத்தே வாங்கினேன். பட்டதெல்லாம் படவேண்டியதுதான்.

வண்டி நிசான் 370இசட். கொஞ்ச வருஷம் இந்தியாவுலயும் வித்தாங்க, இப்ப ரோட்டுல பாக்கறதே அபூர்வம். பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட இருந்து மூணாவது ஓனரா எடுத்தேன், என்ஓசி வாங்கி இங்க லைஃப் டாக்ஸ் கட்டி நம்பர் மாத்தறதுக்குள்ள செருப்பு தேஞ்சுது, அது தனிப் புராணம், இப்ப வேணாம். 3.7 லிட்டர் வி6 இன்ஜின், ரெட்லைன், அதாவது இன்ஜின் சுத்தறதுக்கு மேல் எல்லை, நிமிஷத்துக்கு 7500 சுத்து, ஆறு கியர் மேனுவல். கியர் எறக்கறப்ப வண்டியே தானா ஒரு குத்து ஆக்சிலரேட்டர் குடுத்து ரெவ்வ மேட்ச் பண்ணிக்கும், மேனுவல் கியர் வண்டிகள்ல அந்த வசதியோட மொதல்ல வந்தது இந்தக் கார்தான். அம்மா சுத்திச் சுத்திப் பாத்துட்டு "ரெண்டே சீட்டா, அப்ப நான் டிக்கிலயாடா வரணும்"னு கேட்டாங்க. நியாயமான கேள்வி, இன்னும் பதில் சொல்லல.

கம்பெனி சைலன்சர் நல்லா அமைதியா இருந்துச்சு. அந்த அமைதிதான் எனக்குப் பிரச்சனை. சத்தத்துக்காகவே கார் வாங்கற ஜாதி ஒண்ணு இருக்கு, நான் அதுல சேத்தி. சின்ன வயசுல ஐந்து ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கறப்பவே கண்ண மூடிக்கிட்டு வர்றது புல்லட்டா யமஹாவா ராஜ்தூத்தான்னு பந்தயம் கட்டுவோம், புல்லட்டு நாலு ரோட்டுல இருக்கறப்பவே தெரிஞ்சுரும். சத்தம்ங்கறது வண்டியோட கைரேகை மாதிரி, ஹார்லி கம்பெனிக்காரங்க 1994ல அவங்க வண்டிச் சத்தத்துக்கே டிரேட்மார்க் கேட்டு மனு போட்டு, மத்த கம்பெனிகள்லாம் எதுத்து நிக்க, 2000ல அவங்களே வாபஸ் வாங்கிக்கிட்டாங்க. லெக்சஸ் எல்எஃப்ஏன்னு ஒரு கார், அதோட வி10 சத்தத்த ட்யூன் பண்ண யமஹால பியானோ கிடார் செய்யற பக்கத்து ஆளுங்களக் கூப்பிட்டிருக்காங்க. அப்படியிருக்க நான் ஒரு சைலன்சருக்கு மூணு மாசம் மெனக்கெட்டது ஒண்ணும் பைத்தியக்காரத்தனம் இல்லன்னு வீட்டுல சொல்லிப் பாத்தேன், எடுபடல.

மூணு மாசமும் போன்தான். ராத்திரி பதினோரு மணிக்கு இயர்போன மாட்டிக்கிட்டு கோல்ட் ஸ்டார்ட் கிளிப், டனல் கிளிப், வண்டி பக்கத்துல கடந்து போற ஃப்ளை பை கிளிப். இப்ப யோசிச்சா சிரிப்பு வருது, ஏன்னா கணக்கு போட்டுப் பாத்தாலே இது வேலைக்கு ஆகாதுன்னு தெரிஞ்சிருக்கும். ஆறு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின், கிராங்க் ஒரு சுத்து சுத்தினா மூணு வெடி. ஐடில்ல, அதாவது நின்ன எடத்துல சும்மா ஓடறப்ப, 650 ஆர்பிஎம்னு வெச்சுக்கிட்டா செகண்டுக்கு 32 சொச்சம் வெடி, அதாவது 32 ஹெர்ட்ஸ். அந்த அடி சத்தத்த, நெஞ்சுக்கூட்டுல வந்து உக்கார்ற அந்த உறுமல, கொத்தமல்லி வெத சைஸுல இருக்கற போன் ஸ்பீக்கர் எப்படிங்க எழுப்பும்? நாம கேக்கறது அதோட மடங்குல வர்ற மேல் சத்தங்கள மட்டும், மிச்சத்த மூளை தானா நிரப்பிக்குது. இது பத்தாதுன்னு வீடியோ எடுக்கற போனோட மைக்கு சின்னச் சத்தத்தத் தூக்கி பெரிய சத்தத்த அமுக்கி எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டாந்துரும், அதனால நாப்பதாயிரம் ரூவா சைலன்சரும் நாலு லட்ச ரூவா சைலன்சரும் போன்ல அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கோல்ட் ஸ்டார்ட் கிளிப் இன்னும் மோசடி. ஆறின இன்ஜின் ஸ்டார்ட் ஆன ஒடனே புகைல இருக்கற நச்ச எரிக்கற கேட்டலிடிக் கன்வெர்ட்டர சீக்கிரம் சூடாக்கறதுக்காக ஈசியுங்கற இன்ஜின் கம்ப்யூட்டர் ஐடில தூக்கி வெச்சு, பத்தறதயும் தாமதமாக்கி, சூட்ட எக்ஸாஸ்ட்டுக்கே அனுப்பும், அந்த ஒரு நிமிஷம் எந்த வண்டியும் சிங்கம்தான். மிச்ச 59 நிமிஷம் எப்படி இருக்கும்னு எவனும் வீடியோ போட மாட்டான்.

மெக்கானிக்குங்ககிட்டயும் கேட்டேன், ஆளுக்கொண்ணு சொன்னாங்க, "பேக் பிரஷர் கொறஞ்சா பிக்கப் போயிரும் தம்பி"ங்கறது மட்டும் எல்லாரும் சொன்னது. பேக் பிரஷர்னா புகை வெளிய போறத எதுத்துத் தள்ற அழுத்தம். இது பாதி உண்மை கலந்த கதை. பேக் பிரஷர் எந்த இன்ஜினுக்கும் நல்லது இல்ல, ஆனா பைப்ப ரொம்பப் பெருசாக்கினா புகையோட வேகம் கொறஞ்சுரும், முன்னாடி போற புகை பின்னாடி வர்றத இழுத்துட்டுப் போற அந்த உறிஞ்சல் போயிரும், கீழ் ரெவ்வுல வண்டி சோம்பும். பைப்ப மாத்தினவன் அந்த சோம்பல உணர்ந்து பேக் பிரஷர் போச்சுன்னு பேரு வெச்சுட்டான். என் வண்டில ஒவ்வொரு பக்கத்துக்கும் மூணு சிலிண்டருக்குத் தனி பைப்பு, ஒவ்வொண்ணும் 1.85 லிட்டர் இன்ஜின் மாதிரிதான், அதுக்கு ரெண்டரை இஞ்ச் தாராளம். மூணு இஞ்ச் போடுங்கறவங்கள்லாம் வேற எதையோ ஈடுகட்டப் பாக்கறாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

கடைசில வேற ஊர்ல ஒருத்தர் கழட்டி வித்த கேட் பேக் சிஸ்டம் ஒண்ணு எடுத்தேன். கேட் பேக்னா கன்வெர்ட்டருக்குப் பின்னாடி இருக்கற எல்லாத்தையும் மாத்தறது, கன்வெர்ட்டர்ல கை வெக்கறதில்ல. அதுல மட்டும் நான் கறார், அதக் கழட்டி எறிஞ்சுட்டு நேர் பைப்பு போடறவங்க பின்னாடி சிக்னல்ல ரெண்டு நிமிஷம் நின்னு பாருங்க, கண்ணு எரியும். வந்த சிஸ்டம் ஸ்ட்ரெய்ட் த்ரூ மஃப்ளர், அதாவது உள்ள ஓட்டை ஓட்டையா ஒரே நேர்க் குழாய், அதச் சுத்தி பஞ்சு மாதிரி ஃபைபர் பேக்கிங், அவ்வளவுதான். நடுவுல சத்தத்த வடிகட்டற ரெசனேட்டர் கிடையாது, ரெண்டு பைப்பும் எங்கயும் சந்திக்கறதும் கிடையாது. வித்தவரு "செம பேஸ் ப்ரோ"ன்னாரு.

மூணு நாள் சொர்க்கம். அஸ்தம்பட்டி ரவுண்டானால எல்லாத் தலையும் திரும்புச்சு, நானும் தேவையில்லாம ரெண்டு தடவ சுத்தினேன். நாலாவது நாள் அப்பாவ ஏத்திக்கிட்டு கோயமுத்தூர் கெளம்பினேன். கொண்டலாம்பட்டி தாண்டி நாலு வழிச் சாலை ஏறி ஆறாவது கியர் போட்டு நூறுல வெச்சேன், மீட்டர்ல 2300 ஆர்பிஎம். அப்ப ஆரம்பிச்சுது. சத்தம்னு கூட சொல்ல முடியாது, காருக்குள்ள இருக்கற காத்தே கெட்டியாகி காதுக்குள்ள அமுக்கற மாதிரி ஊஊஊன்னு. கண்ணாடிய எறக்கினா இன்னும் மோசம், பாட்டு போட்டா பாட்டுக்கு அடில அதுவும் சேந்து பாடுது. வேகத்த ஏத்தினா போகுது, ஆனா நூறுதானே லிமிட்டு, எவ்வளவு நேரம் ஏத்தறது? தொண்ணூறுக்கு வந்தா போகுது, பின்னாடி ஆம்னி பஸ்காரன் லைட்ட அடிக்கறான். மகுடஞ்சாவடி தாண்டறப்ப அப்பா வாயத் தொறந்தாரு. "ஏன்டா, காதுக்குள்ள ஒரு வண்டு பூந்துருச்சு. உனக்கும் கேக்குதா, எனக்கு மட்டும்தானா?" சங்ககிரில டீக்கு நிறுத்தினப்ப எறங்கி காத ரெண்டு தட்டு தட்டிக்கிட்டு, "திரும்பறப்ப நான் பஸ்ல வந்துக்கறேன்"ன்னுட்டாரு. சொன்னபடியே பஸ்லதான் வந்தாரு.

இதுக்குப் பேரு ட்ரோன். பறக்கற ட்ரோன் இல்ல, தம்புரா மாதிரி ஒரே சுருதில இழுக்கறது. 2300 ஆர்பிஎம்ல செகண்டுக்கு 115 வெடி, அந்த 115 ஹெர்ட்ஸ் ரெண்டு சீட்டு இருக்கற சின்னக் கேபினுக்குள்ள மாட்டிக்கிட்டு சுத்திச் சுத்தி வருது. கிளிப்ல இது எதுலயும் வராது, யாரும் ஹைவேல ஏசி போட்டுக்கிட்டு ஒரே வேகத்துல போறத வீடியோ எடுக்கறதில்ல. சைலன்சரோட நாம வாழப்போறதோ அந்த வேகத்துலதான். இன்னொரு நோயும் இருந்துச்சு. 3500ல இருந்து 4500 வரைக்கும் எவர்சில்வர் டப்பால ஆணியப் போட்டுக் குலுக்கற மாதிரி ஒரு கரகரப்பு. வி6ல பக்கத்துக்கு மூணு சிலிண்டர், பைப்பு தனித்தனியா போச்சுன்னா ஒவ்வொரு வாயிலயும் கேக்கறது மூணு சிலிண்டர் வண்டிச் சத்தம், ரெண்டு மூணு சிலிண்டர் வண்டி பக்கத்துல பக்கத்துல ஓடற மாதிரி. ஆறும் ஒண்ணு சேந்து இழைஞ்சு வரணும்னா ரெண்டு பைப்பும் எங்கயாவது கை குலுக்கணும்.

இந்த எடத்துல என்ன காப்பாத்தினது ஒரு ஜவ்வரிசி ஃபேக்டரி. நேரடியா இல்ல, சேகோ ஃபேக்டரிகளுக்கு ஸ்டெயின்லெஸ் பைப் லைன் வேலை பண்ற ஒரு அண்ணன், ஓமலூர் ரோட்டுக்கு உள்ளாற சின்னப் பட்டறை. கார் வேலையே பண்ணதில்லன்னு மொதல்லயே சொல்லிட்டாரு, "பைப்பு பைப்புதானுங்களே தம்பி, உள்ள மாவுத் தண்ணி போனா என்ன பொகை போனா என்ன"ன்னாரு. வண்டிய லிஃப்ட்ல ஏத்தினதும் ஜோப்புல இருந்து ஒரு காந்தத்த எடுத்து பைப்புல வெச்சாரு, சக்குனு ஒட்டிக்கிச்சு. "இது நானூத்தி ஒம்போதுங்க, 304ன்னு சொல்லி வித்துருக்காங்க." ரெண்டுமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம்தான், 304ல 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், காந்தம் ஒட்டாது. 409ல குரோமியம் 11 சதவீதம் கிட்ட, நிக்கல் கிடையாதுன்னே சொல்லலாம், காந்தம் ஒட்டும், மேல பழுப்பா துரு ஏறும் ஆனா ஓட்டையாகறதுக்கு ரொம்ப நாள் ஆகும், கம்பெனி எக்ஸாஸ்ட்ல பாதி இதான். மோசம்னு சொல்ல முடியாது, ஆனா 304 காசு குடுத்திருந்தேன். 1981ல இருந்து ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டற உருக்காலை இருக்கற ஊர்ல பொறந்தவனுக்கு, ஊர் பேரையே தகட்டுல போட்டு விக்கற ஊர்க்காரனுக்கு, வெளியூர்க்காரன் 409அ 304ன்னு தலைல கட்டிட்டான். அப்பாகிட்ட சொல்லல. சொன்னா காந்தத்தோட செலவு எவ்வளவுன்னு கேப்பாரு.

அண்ணனோட ஆர்கான் வெல்டிங்க ஒரு நாள் முழுக்க உக்காந்து பாத்தேன். பைப்போட ரெண்டு வாயையும் டேப் போட்டு அடைச்சு, உள்ள தனியா ஒரு ஆர்கான் லைன விட்டுட்டுத்தான் வெளிய பத்த வைப்பாரு. ஏன்னு கேட்டா ஏற்கனவே இப்படி விடாம வெல்ட் பண்ண ஒரு துண்ட வெட்டி உள்பக்கத்தக் காட்டினாரு, கருகின சக்கரப் பாகு மாதிரி முள்ளு முள்ளா கெடந்துச்சு. சரியா பண்ணதுல வெல்ட் வரி வைக்கோல் நெறத்துல, ஓரத்துல லேசா நீலம் ஓடி, செதில் செதிலா ஒரே அளவுல. கொலுசு பத்த வெக்கறப்ப ஊதுகுழல வாய்ல வெச்சுக்கிட்டு அப்பா மூச்ச அடக்கற மாதிரியே இவரும் ஒவ்வொரு புள்ளிக்கும் மூச்ச நிறுத்தறாரு.

ரெண்டு பைப்பும் கத்தரிக்கோல் மாதிரி குறுக்க தொட்டுப் போற எக்ஸ் பைப்பு, அதுக்குப் பின்னாடி பக்கத்துக்கு ஒரு ரெசனேட்டர். கரகரப்பு இதுலயே முக்கால்வாசி போயிருச்சு. வண்டு மட்டும் போகல. அதுக்குத்தான் ஜே பைப்பு. மெயின் பைப்புல இருந்து ஒரு கிளைய எடுத்து, ஜே எழுத்து மாதிரி மடக்கி, முனைய அடைச்சுட வேண்டியது. கிளைக்குள்ள போன சத்தம் அடைச்ச சுவத்துல முட்டித் திரும்பி வர்றப்ப சரியா தலைகீழா வரணும், மேடு வர்ற எடத்துல பள்ளம், அப்ப ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும். அதுக்கு கிளையோட நீளம் அந்தச் சத்தத்தோட அலை நீளத்துல கால்வாசி இருக்கணும். சூடான புகைல சத்தம் செகண்டுக்கு 480 மீட்டர் போகுதுன்னு வெச்சு, 115ஆலயும் நாலாலயும் வகுத்தா 104 சென்டிமீட்டர். நோட்டுல எழுதிக் குடுத்தேன், அண்ணன் நோட்டப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, "நவுத்தற மாதிரியே செஞ்சுக்கலாங்க"ன்னாரு. ஒரு குழாய்க்குள்ள இன்னொரு குழாய், முனைல மூடி, நடுவுல கிளாம்ப்பு. இதாங்க அனுபவம்ங்கறது.

ட்யூன் பண்றதுக்கு அப்பாவக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன், அந்த வண்டு அவரு காதுலதானே பூந்துச்சு. 104ல வெச்சு பைபாஸ்ல ஒரு ரவுண்டு போனோம், "இருக்கு, ஆனா வயசாயிருச்சு"ன்னாரு. 100. "இன்னும் இருக்கு." 96ல ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லாம வந்தாரு, அப்பறம் சுண்டுவிரல இப்படி அப்படி ஆட்டினாரு. 92ல வெச்சுட்டுப் போறப்ப நூறுல நேரா வெச்சுக்கிட்டு நான் அவரு மூஞ்சியவே பாக்கறேன், ரோட்டப் பாருடான்னுட்டு, சீட்டுல சாஞ்சு, செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வெலை ஏறினதப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாரு. அண்ணன் அங்கயே நிறுத்தி வெல்ட் பண்ணிட்டாரு. கணக்கு ஏன் 12 சென்டிமீட்டர் தப்புச்சுன்னு அப்பறம்தான் புரிஞ்சுது, முட்டுச்சந்துக்குள்ள நிக்கற புகை மெயின் பைப்புல ஓடற புகைய விட ஆறிப் போய் இருக்கும், ஆறினா சத்தத்தோட வேகம் கொறையும், அதனால நீளமும் கொறையணும்.

சட்டத்தயும் சொல்லிடறேன், ஏன்னா இதப் படிச்சுட்டு நாளைக்கே எவனாவது ஹாக்சா பிளேடத் தூக்கிருவான். மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 120வது விதி சைலன்சருக்குன்னே இருக்கு. சத்தம், புகை அளவ மீறி ரோட்டுல ஓட்டினா 190(2) பிரிவுல மொத தடவைக்கே 10,000 ரூவா வரைக்கும் அபராதமோ, மூணு மாசம் வரைக்கும் ஜெயிலோ, ரெண்டுமோ கெடைக்கும், லைசென்ஸும் மூணு மாசத்துக்குக் கைய விட்டுப் போகும். நானும் வேலைக்கு முன்னாடி பின்னாடி அளந்தேன், பைப்பு வாயில இருந்து அரை மீட்டர் தள்ளி 45 டிகிரி சாய்வுல மைக்கு, அதான் நிக்கற வண்டிய அளக்கற மொறை. டெசிபல் கணக்கு ஏமாத்தும், மூணு டெசிபல் ஏறினாலே சத்தத்தோட சக்தி ரெட்டிப்பு, பத்து ஏறினாத்தான் நம்ம காதுக்கு ரெட்டிப்பா தெரியும், அதனால "கொஞ்சந்தான் கூடிருக்கு"ங்கறத நம்பக் கூடாது. அப்பறம் அந்த டப் டப்னு வெடிக்க வெக்கற பட்டாசு மேப், அதாவது ஈசியு செட்டிங்க மாத்தறது, பண்ணித் தரவான்னு ரெண்டு பேர் கேட்டாங்க. எரியாத பெட்ரோல எக்ஸாஸ்ட்ல கொண்டுபோய்க் கொளுத்தறது, கன்வெர்ட்டர் உருகிரும். எனக்கு தீபாவளி வருஷத்துக்கு ஒண்ணு போதும்.

மறுவாரம் ஞாயித்துக்கெழமை விடியக்காலம் ஏற்காட்டுக்கு ஏத்தினேன். கோரிமேடு தாண்டி அடிவாரம் செக்போஸ்ட் வரைக்கும் அஞ்சாவது கியர்ல பூனை மாதிரி. 20 கொண்டை ஊசி வளைவு, ரெண்டும் மூணும்தான் கியர். கண்ணாடிய எறக்கி வெச்சுக்கிட்டா மலைப்பக்கம் பாறைல பட்டு சத்தம் திரும்பி வருது, கிட்டத்துல, கெட்டியா, ஆறு சிலிண்டரும் ஒரே தொண்டைல. வளைவு திரும்பினதும் பாறை அந்தப் பக்கம் போயிரும், என் பக்கம் பள்ளத்தாக்கு, சத்தம் அப்படியே வெளிய கொட்டிப் போயிடுது, திரும்பி வர்றதே இல்ல, இன்ஜின் யாரோட வண்டியோ மாதிரி இருக்கு. அடுத்த வளைவுல மறுபடி பாறை. இப்படி மாத்தி மாத்தி மேல வரைக்கும். 4000ல ஆணி டப்பா இல்ல, வெங்கலத்துல மெதுவா தேச்ச மாதிரி ஒரு இழுப்பு, கால எடுத்தா சட்டுனு அடங்கிருது. மேல நெருங்கறப்ப ஒரு வளைவுல காட்டெருமை ஒண்ணு ரோட்டோரமா நின்னுச்சு, வெள்ளை சாக்ஸ் போட்ட காலு, என் வண்டி அளவு ஒடம்பு. இன்ஜின ஆஃப் பண்ணிட்டு உக்காந்துட்டேன். அது தலையத் தூக்கிப் பாத்துட்டு, சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல காப்பித் தோட்டத்துக்குள்ள எறங்கிப் போச்சு, அதுக்கப்பறமும் ஒரு ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணல. எக்ஸாஸ்ட் மட்டும் டிக் டிக்னு ஆறிக்கிட்டு இருந்துச்சு.

வீட்டுல ஒரு புதுத் தொல்லை. பட்டறை அண்ணன்கிட்ட போறதுக்கு முன்னாடி சைலன்சர் கத்திக்கிட்டு இருந்தப்ப நான் தெருமுனை திரும்பறப்பவே அம்மாவுக்குக் கேட்டுரும், போறதுக்குள்ள கேட்டத் தொறந்து வெச்சிருப்பாங்க. இப்ப வந்து நின்னு ரெண்டு ஹாரன் அடிச்சாத்தான் எட்டிப் பாக்கறாங்க. "காசக் குடுத்து சத்தம் வாங்கின, அப்பறம் காசக் குடுத்து அத நிறுத்தின, இப்ப ஹாரன் அடிக்கற"ன்னு சொல்லிக்கிட்டேதான் தாழ்ப்பாள எடுத்து விடுவாங்க.